சோதனைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: வெள்ளவத்தைக் குடும்பமொன்றின் டிஎன்ஏ கோப்பு

இந்தக் கோப்பில் நான்கு பேர். கனடாவில் இருக்கும் தகப்பன், வெள்ளவத்தையில் வாடகை அனெக்ஸ் ஒன்றில் இருக்கும் தாய், 17 வயது மகன், 15 வயது மகள். 2024இல் தகப்பன் மூன்று பேரையும் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டார். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கொடுத்த பத்திரங்கள் பிள்ளைகளின் உறவை உறுதிப்படுத்தப் போதாது, விரும்பினால் டிஎன்ஏ சோதனை முடிவைச் சமர்ப்பிக்கலாம் என்று அதில் இருந்தது.

கொழும்பில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பும் விசாக் கோப்புகளும் பார்ப்பது என் வேலை. கடிதத்தோடு அந்தத் தாய் எங்களிடம் வந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தில் "விரும்பினால்" என்றுதான் இருக்கும். கனடா யாரையும் டிஎன்ஏ சோதனைக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வேறு வலுவான ஆதாரம் இல்லாதவர் மறுத்தால் விண்ணப்பம் நிற்பது கஷ்டம். செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில். அங்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில்தான் செய்ய வேண்டும், பெற்றோர் பிள்ளை உறவு 99.8 வீதமோ அதற்கு மேலோ என்று முடிவு வர வேண்டும்.

சந்தேகம் எங்கே வந்தது

மகனின் பிறப்புச் சான்றிதழில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2007இல் பிறந்தவர், உரிய காலத்தில் பதிந்திருக்கிறார்கள். மகள் பிறந்தது 2009 ஜனவரி. இறுதி யுத்தம் நடந்த வன்னியில் அந்த ஜனவரியில் எந்தப் பதிவாளர் கந்தோர் திறந்திருந்தது? பதிவு நடந்தது 2011இல், காலங்கடந்த பதிவாக, ஒரு சத்தியக் கடதாசியை வைத்து. பிறந்த இடம் செட்டிகுளம் என்று போட்டிருக்கிறார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் செட்டிகுளத்தில்தான் இருந்தது. அங்கிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளின் பத்திரம் இப்படித்தான் இருக்கும். அதை மட்டும் வைத்து ஒரு அதிகாரி சந்தேகப்படுவது நியாயமில்லை.

ஆனால் வேறொன்றும் இருந்தது. தகப்பன் 2010இல் அகதி அந்தஸ்துக் கோரியபோது கொடுத்த வாக்குமூலத்தில் பிள்ளைகள் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டு. அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

1985இல் இதே சந்தேகம்

டிஎன்ஏ சோதனை என்றாலே கொலைவழக்குத்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். உண்மையில் அது முதன்முதலாக ஒரு மனிதருடைய வழக்கைத் தீர்த்தது குடிவரவு விஷயத்தில்தான். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 செப்டெம்பர் 10ஆம் தேதி காலை ஒரு எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள் வேறுபடும் கோடுகள், குடும்பத்துக்குள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்த கோடுகள், எல்லாம் அதில் தெரிந்தன. அடுத்த வருடமே ஒரு சட்ட உதவி நிலையத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். இங்கிலாந்தில் பிறந்த பையன் கானா போய்த் திரும்பி வருகிறான். இவன் அந்தப் பெண்ணின் மகன் இல்லை, வேறு யாரோ, அல்லது கானாவில் இருக்கும் அவருடைய சகோதரியின் மகன் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள்.

தகப்பனின் இரத்தம் கிடைக்கவில்லை. தாயையும் சந்தேகத்துக்கு இடமில்லாத மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்து, அந்தப் பிள்ளைகளிடம் தாயிடமிருந்து வராத கோடுகளைப் பிரித்தெடுத்து, இல்லாத தகப்பனின் கோடுகளைக் கணித்தார்கள். பையனிடம் இருந்த கோடுகள் எல்லாம் தாயிலும் அந்தக் கணிப்பிலும் அடங்கின. மகன்தான் என்று முடிவாகி, அவனுக்கு எதிரான நடவடிக்கை கைவிடப்பட்டது. பத்திரங்களை யாரும் நம்பாத ஒரு தாய்க்கு அவளுடைய உடம்பே சாட்சி சொன்ன முதல் சந்தர்ப்பம் அது. இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

கொலைவழக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை 1986இல் அதே சோதனை விடுவித்தது. உண்மையான கொலையாளி 1988இல் தண்டிக்கப்பட்டான்.

ஜெஃப்ரிஸின் முதல் முறைக்கு இரத்தம் கணிசமாக வேண்டும், நாளும் பிடிக்கும். 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர் முறை அதை மாற்றியது. கொஞ்சம் டிஎன்ஏ இருந்தாலே வேண்டிய பகுதியைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கலாம். 2020இல் கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்ட எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும் என்ற நிலை வந்தது இதனால்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் சட்டத்தரணிக்கு ஒரு பழக்கம் உண்டு. டிஎன்ஏ கடிதம் வந்த எந்தக் குடும்பத்திலும் தாயைத் தனியாக உட்கார வைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அக்கா, இந்தச் சோதனையில வேற மாதிரி ஒரு முடிவு வர ஏதாவது காரணம் இருக்கோ? இருந்தா இப்ப சொல்லுங்கோ. வந்த பிறகு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

இது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. ஆய்வுகூடம் கேட்காது, தூதரகம் கேட்காது.

அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தங்கச்சிட பிள்ளை" என்றார்.

2009 ஏப்ரலில் ஷெல் விழுந்து தங்கையும் தங்கையின் கணவரும் அதே இடத்தில் முடிந்துவிட்டார்கள். மூன்று மாதக் குழந்தை பெரியம்மாவின் மடியில் இருந்தது. அங்கிருந்து முகாம், முகாமிலிருந்து கொழும்பு. முகாமில் பெயர் பதியும்போது "இவ ஆர்?" என்று கேட்டார்கள், "மகள்" என்று சொன்னேன், அதுக்குப் பிறகு எல்லாப் பத்திரத்திலும் அப்படியே வந்துவிட்டது என்றார். கூடப் பிறந்தவளின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்க நம் குடும்பங்களில் யாரும் நீதிமன்றம் போனதில்லை. பிள்ளைக்கு விஷயம் தெரியாது. தகப்பனுக்குத் தெரியும். 2010இல் அவர் ஒரு பிள்ளை என்று சொன்னது உண்மை. பிறகு விண்ணப்பத்தில் இரண்டு என்று எழுதியதும் அவரைப் பொறுத்தவரை உண்மைதான்.

தாயிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரே இரத்தம்தானே, சோதனையில் சரியாக வராதா? வராது. இதைச் சரியாக விளங்கப்படுத்தாமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பம் கெட்டிருக்கும்.

டிஎன்ஏயின் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும், மாலையில் ஒரே மாதிரி மணிகளைக் கோத்ததுபோல. எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து. டிஎச்01 என்று ஓர் இடம் உண்டு. தாய்க்கு அங்கே 6, 7 என்றும் தகப்பனுக்கு 9, 9.3 என்றும் இருந்தால், பிள்ளைக்கு 6, 9 வரலாம், 7, 9.3 வரலாம். 8 வரக்கூடாது. (9.3 என்றால் ஒன்பது முழுத் தொடரும் பத்தாவதில் மூன்று எழுத்தும்.) இப்படி இருபதுக்கு மேற்பட்ட இடங்களைப் பார்ப்பார்கள். பொருந்திய எண் சனங்களிடையே அரிதானது என்றால் சாட்சி கனமாகும், எல்லோரிடமும் இருப்பது என்றால் அவ்வளவு கனம் இல்லை. எல்லாவற்றையும் பெருக்கித்தான் 99.99 வீதம் என்பதுபோன்ற முடிவு வருகிறது.

ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால் அது இயற்கையான மாற்றமாக இருக்கலாம், ஆய்வுகூடம் உடனே இல்லை என்று சொல்லாது. பல இடங்களில் பொருந்தாவிட்டால் சொல்லிவிடும். பெரியம்மாவுக்கும் தங்கையின் பிள்ளைக்கும் சராசரியாகக் கால்பங்கு மரபணு பொது. அதனால் நிறைய இடங்களில் பொருந்தும், ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. "தாய் அல்ல" என்றுதான் முடிவு வரும். தகப்பன் பக்கம் பார்த்தால் இரத்த உறவே கிடையாது.

அந்த முடிவு தூதரகத்துக்கு எப்படித் தெரியும்? வேறு யாருடைய பிள்ளையையோ மகள் என்று காட்டிக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று. பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் கனடாச் சட்டப்படி 5 வருடத்துக்கு உள்ளே போக முடியாது. மகனின் விண்ணப்பமும் தாயின் விண்ணப்பமும் சேர்ந்தே விழும்.

சட்டம் போட்டிருக்கும் கோடு

பெற்றோரை இழந்த உறவுக்காரப் பிள்ளையைக் கூப்பிடக் கனடாவில் வழி இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே, திருமணமாகாதவராக, ஸ்பொன்சர் செய்பவரின் சகோதரராகவோ சகோதரியாகவோ, அவர்களின் பிள்ளையாகவோ, பேரப்பிள்ளையாகவோ இருக்க வேண்டும். ஆனால் ஸ்பொன்சர் செய்பவருக்கே இரத்த உறவோ தத்து உறவோ இருக்க வேண்டும். இங்கே ஸ்பொன்சர் தகப்பன். பிள்ளை அவருடைய மனைவியின் தங்கை மகள். அவருடைய சொந்தத் தம்பியின் மகளாக இருந்திருந்தால் நேரடியாகக் கூப்பிடலாம். 15 வருடம் பணம் அனுப்பி வளர்த்த பிள்ளைக்கு அந்த வழி அடைப்பு.

மிஞ்சியது மனிதாபிமான அடிப்படையில் கேட்பது. இரத்த உறவு இல்லாவிட்டாலும் நடைமுறையில் குடும்ப உறுப்பினராகவே வாழ்ந்தவர் என்று காட்டலாம். அதற்கு முழு உண்மையும் முன்கூட்டியே வேண்டும். சட்டத்தரணி சொன்ன ஆலோசனை இதுதான்: "மகள்" என்று கொடுத்த விபரத்தை நாங்களே முதலில் திருத்துவோம். பிறகு டிஎன்ஏ சோதனையை நாங்களே கேட்போம், வேறு கேள்விக்கு. இவள் தங்கையின் பிள்ளை என்று நிரூபிக்க.

இதற்கு அம்மம்மா தேவைப்பட்டார். மைட்டோகொண்ட்ரியா என்ற பகுதியின் டிஎன்ஏ தாய்வழியாக மட்டும் இறங்குவது. 16,569 எழுத்துகள். அம்மம்மா, அவருடைய இரண்டு பெண்கள், அந்தப் பெண்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்கும். யார் தாய், யார் பெரியம்மா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது, ஆனால் ஒரே தாய்வழி என்று காட்டும். கூடவே அம்மம்மாவின் மற்றைய எண்களையும் பெரியம்மாவின் எண்களையும் பிள்ளையினுடையதோடு வைத்துப் பார்த்தால் உறவு எவ்வளவு நெருக்கம் என்று கணிக்கலாம்.

பிள்ளைக்குச் சொல்வது

எனக்கு இந்தக் கோப்பிலேயே முக்கியமான பகுதி இதுதான், அறிக்கையை விடவும். 15 வயதுப் பிள்ளையின் கன்னத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய், முடிவு வந்த பிறகு ஆங்கிலத் தாளில் அவள் அதை வாசித்து அறிவது ஒரு கொடுமை. அப்படி நடந்த குடும்பங்கள் உண்டு. இலங்கையில் மரபணுத் தகவலுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட இடம் கொடுத்திருக்கிறது. நல்லது. ஆனால் சோதனைக்கு முன்னால் பிள்ளையோடு யார் பேசுவது என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது.

சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று தகப்பன் தொலைபேசியில் கேட்டார். விண்ணப்பத்தைக் கைவிட்டாலும் அந்த இரகசியம் நிற்காது என்று சட்டத்தரணி சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் மச்சாள்மாரெல்லாம் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பிப் பூர்வீகம் பார்க்கிறார்கள். நாளைக்கு இவளும் அனுப்புவாள். இப்படிப்பட்ட கம்பனிகளில் பிரபலமான 23அன்ட்மீ 2023இல் சுமார் 69 இலட்சம் பேரின் தகவலைத் திருட்டுக் கொடுத்தது, 2025 மார்ச்சில் வங்குரோத்து மனுவும் போட்டது. குடும்ப இரகசியம் இன்றைக்குக் குடும்பத்தின் கையில் மட்டும் இல்லை.

1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். வளர்ந்து, தாயைத் தேடி இங்கே வந்து, பத்திரத்தில் இருந்த பெயருக்குரிய பெண்ணைக் கண்டுபிடித்து, டிஎன்ஏ பார்த்தபோது அவர் தாயே இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கென்றே யாரையோ தாயாகக் காட்டியிருக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அதை வெளிக்கொண்டு வந்தபோது இங்கே சுகாதார அமைச்சரே முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டார். அந்தப் பிள்ளைகளுக்குப் பொய்யை எழுதிக் கொடுத்தவர்கள் இலாபம் பார்த்தவர்கள். இந்தப் பெரியம்மா அப்படியில்லை. ஆனாலும் தாளில் இருக்கும் பெயர் பிழை என்று தெரியவரும் பிள்ளைக்கு வலி ஒன்றுதான்.

தாயே சொன்னார், வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மம்மாவும் வவுனியாவிலிருந்து வந்திருந்தார். பிள்ளை முதலில் கேட்டது, "அப்ப என்ட பிறந்தநாள் சரியோ?" என்றாம். தேதி சரி, பிறந்த இடம்தான் பிழை, நீ செட்டிகுளத்தில் பிறக்கவில்லை என்று அம்மம்மா சொல்லியிருக்கிறார். அடுத்து, அண்ணாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்றதும் அவனையும் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாவது நாள் போனாள்.

குச்சி எடுத்த நாள்

கொழும்பில் மாதிரி எடுக்கும் இடத்தில் எல்லாம் நிதானமாக நடக்கும். அரைமணி நேரத்துக்கு முதலே சாப்பாடு, தேநீர் நிறுத்த வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து, அங்கேயே படம் எடுத்து, பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை. கன்னத்தின் உட்புறத்தில் குச்சியைச் சுழற்றித் தேய்த்து, ஈரம் காயவிட்டு, காகித உறையில் போட்டார்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து டிஎன்ஏ கெடும், அதுதான் காகிதம். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு விஞ்ஞானத்துக்குச் சமமான பெறுமதி உண்டு. யாருடைய குச்சி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி எங்காவது அறுந்தால் எண்கள் எதைச் சொன்னாலும் பயனில்லை.

காத்திருந்தபோது தாய் சுனாமிக் குழந்தையைப் பற்றிப் பேசினார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை. ஒன்பது பெற்றோர் உரிமை கோருகிறார்கள் என்று உலகமெல்லாம் செய்தி போனது. நீதிமன்றத்துக்கு முறைப்படி வந்தது ஒரு தம்பதிதான். அவர்களைக் கொழும்புக்குக் கூட்டி வந்து மாதிரி எடுத்தார்கள், 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்களுடையதுதான் என்று முடிவு வந்தது. வடக்கு கிழக்கில் எல்லோருக்கும் டிஎன்ஏ என்ற சொல் பழகியது அந்தக் குழந்தையால்தான். பிறகு 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமியின் கொலை. முதலில் பிடித்த 17 வயது மாணவனுடைய டிஎன்ஏ பொருந்தவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட இன்னொருவருடையதும் பொருந்தவில்லை. அவருடைய சகோதரனுடையது பொருந்தியது. அந்த மாணவனைப் பெற்றவர்கள் அந்த அறிக்கைக்கு எப்படிக் காத்திருந்திருப்பார்கள்!

அம்மம்மாவின் முறை வந்தது. குச்சியை எடுத்த பிறகு, இதைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "எங்கட பிள்ளையை எங்க தாட்டது எண்டு தெரியாது. பங்கருக்க மண்ணைப் போட்டு மூடிப்போட்டு ஓடி வந்தனாங்கள். எப்பவாவது எலும்பு எடுத்தா இதை வச்சுப் பாக்கலாமெல்லோ?"

கேள்வி முழுக்கச் சரியானது. புதைந்த எலும்பிலும் பல்லிலும் மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏ நீண்ட காலம் மிஞ்சும், தாய்வழி உறவு ஒருவருடைய மாதிரி இருந்தால் ஒப்பிடலாம். அந்த மகளுக்கு அம்மம்மாவை விட நல்ல ஒப்பீடு இல்லை. ஆனால் அன்று எடுத்த மாதிரி விசா வேலைக்கு மட்டும், வேறெதற்கும் பயன்படுத்த அனுமதி இல்லை. மன்னாரில் 2018இல் தோண்டிய புதைகுழியிலிருந்து 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். 2025இல் செம்மணியில் 200ஐத் தாண்டியது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. தாய்மாரின் மாதிரிகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் நம்பும் இடத்தில், அவர்கள் சம்மதத்தோடு எடுத்து வைக்க வேண்டும். அந்த அம்மம்மாவுக்கு 74 வயது. எலும்பு கிடைத்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால் ஒப்பிட யார் இருப்பார்?

முடிவும் நிலைமையும்

மகனின் அறிக்கையில் சிக்கல் இல்லை, தாய் தகப்பன் இருவருக்கும் 99.99க்கு மேல். பிள்ளையின் அறிக்கை நீளமானது. தாயாக இருக்க முடியாது என்று எழுதியிருந்தது, நாங்கள் முன்கூட்டியே சொன்னபடி. அம்மம்மா, பெரியம்மா, பிள்ளை மூன்று பேருடைய மைட்டோகொண்ட்ரியாத் தொடரும் ஒன்று. தாய்வழிப் பேத்தி என்பது உறவில்லாதவர் என்பதை விட மிகப் பல மடங்கு சாத்தியம் என்றும் இருந்தது. அதோடு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் எடுத்த பெற்றோரின் மரணச் சான்றிதழ்களை வைத்தோம். பாடசாலைப் பதிவு, தடுப்பூசி அட்டை, 15 வருடப் பணம் அனுப்பிய சிட்டைகள், பிள்ளை தன் கைப்பட எழுதிய கடிதம் எல்லாம் கோப்பில் போயின. கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அதிகாரி தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டார். 2010 வாக்குமூலத்துக்கும் பிந்தைய விண்ணப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு இப்போது எங்களுக்கு எதிராக இல்லை. தகப்பன் முதலில் சொன்னது உண்மை என்பதற்கு டிஎன்ஏ சாட்சி.

தாய்க்கும் மகனுக்கும் மட்டும் முதலில் விசா தரலாம், பிள்ளையின் மனு தனியாக நடக்கும் என்று ஒரு வழி சொல்லப்பட்டது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் வரும்வரை வெள்ளவத்தையில்தான் இருப்பேன் என்கிறார். மனு இன்னும் பரிசீலனையில். இதற்கிடையில் இங்கே பிறப்புப் பதிவைத் திருத்தவும் பெரியம்மாவைச் சட்டப்படி பாதுகாவலராக்கவும் வேலை நடக்கிறது. திருத்திய சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தில் தன்னைப் பெற்ற தாயின் பெயர் வர வேண்டும் என்று கேட்டது பிள்ளைதான். வீட்டில் அவள் பெரியம்மாவை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.